பற்கள்: நலம்

ஒரு குழந்தையை மேசைக்குக் கூப்பிட்டு, எடை பார்த்து, தடுப்பூசி போட்டு, அழுகையை நிறுத்தி, படிவத்தை நிரப்பி, அம்மாவோடு வெளியே அனுப்ப மனித குலத்துக்குத் தேவைப்படும் நேரம் நான்கு நிமிடம். இதைக் கண்டுபிடித்தவர் பிரதர். அவருக்கு முன்பு மனித குலம் பத்து, பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு காலத்தை வீணடித்து வந்தது. "பெருமைக்காகச் சொல்லல, பதிவாகணும்ல, அதுக்காகச் சொல்றேன்" என்று அவரே மருந்தகத்துக்காரரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மருந்தகத்துக்காரரும் ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோல் கேட்டிருக்கிறார்.

ஆண் செவிலியரைப் பிரதர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தச் சுகாதார நிலையத்தில் ஆண் செவிலியர் அவர் ஒருவரே என்பதால் அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை. தடுப்பூசி அறையில் இரண்டு மேசைகள். அவர் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கவே நிற்காது, ஓடும். மேலதிகாரி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு ஒரு பாராட்டுத் தாள் கொடுத்துப் போனார். அது கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் தொங்குகிறது. ஊசிக்குப் பயந்து அண்ணாந்து அழும் குழந்தைகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் அழும்.

நான்கு நிமிடத்தின் தொழில் ரகசியம் இரண்டு. முதலாவது, ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். குழந்தை சப்பும் ரப்பர் சூப்பானை அதில் தொட்டு வாயில் வைத்துவிட்டால், அது ஊசி வந்ததையும் போனதையும் கவனிக்காது. பிறந்த சிசுவுக்கு ஒரு சொட்டு வைப்பது புத்தகத்திலேயே உண்டு. பிரதர் புத்தகத்தைக் கொஞ்சம் விரிவாக்கி, பல் முளைத்ததற்கும், பல் முளைத்து ஓடித்திரிவதற்கும் வைத்தார். அம்மாக்கள் கேட்டால் வீட்டுக்கும் சிபாரிசு செய்தார்.

இரண்டாவது, படிவம். அதன் கடைசி வரி, 'வாய், பற்கள்: நலம் / நலமில்லை'. ஒவ்வொரு குழந்தைக்கும் வாயைத் திறக்கச் சொல்லி, அது மாட்டேன் என்று தலையைத் திருப்பி, அம்மா கெஞ்சி, அந்தக் கூத்தெல்லாம் எதற்கு? காலையில் டீ குடித்துக்கொண்டே அன்றைக்கு வந்த படிவக் கட்டின் ஐம்பது தாளிலும் 'நலம்' என்ற இடத்தில் டிக் அடித்து வைத்துவிடுவார். ஐம்பது குழந்தைகளின் பற்களும் அவை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே நலமாகிவிடும். ஒருமுறை பிறந்து ஆறே வாரமான சிசு ஒன்றின் பற்களும் நலம் என்று போனது. அதன் அப்பா வாசலில் நின்று படித்துப் பார்த்து, பிள்ளையின் பொக்கை வாயையும் ஒருமுறை பார்த்து, படித்தவர்கள் எழுதினால் காரணம் இருக்கும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒன்றரை வருடத்துக்கு முன்பு பக்கத்து மேசைக்குப் புது சிஸ்டர் வந்தாள். பிரதரைவிடப் பத்து வயது சின்னவள். வந்த அன்றே நாற்காலியைத் தள்ளிவிட்டு, இரண்டு குட்டை ஸ்டூல்களை எதிரெதிரே போட்டாள். அம்மாவை ஒன்றில் உட்காரவைத்து, தான் மற்றதில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, குழந்தையை அம்மா முகம் பார்க்க வைத்து, அப்படியே மல்லாக்கச் சாய்த்துத் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொள்வாள். பிறகு ஒற்றை விரலால் மேலுதட்டைத் தூக்குவாள். சின்ன டார்ச் அடித்துப் பார்ப்பாள். சில குழந்தைகளுக்கு ஒரு பொடி பிரஷ்ஷால் பல்லில் ஏதோ தடவி, "இன்னைக்கு மட்டும் கடிச்சுத் திங்கிறது எதுவும் குடுக்காதீங்கம்மா" என்பாள். குழந்தை கத்தும். வரிசை முணுமுணுக்கும். அவள் காதில் எதுவும் விழாது.

பிரதருக்கு ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்கவில்லை.

"சிஸ்டர், ஏலம் எப்ப ஆரம்பிக்குது?" என்றார் அறை முழுக்கக் கேட்கும்படி. "பல்லப் பிடிச்சுப் பாக்குறீங்க. அப்படியே சுழி பாத்து, விலையும் சொல்லிட்டீங்கன்னா சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடுவாங்க."

வரிசை சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தரகர் என்று பெயர் விழுந்தது. மாட்டுத் தரகர் என்பதில் மாட்டை மரியாதைக்காக விட்டுவிட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த குழந்தையை முடித்து, கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு அவர் மேசைக்கு வந்தாள். அவர் முன்னால் இருந்த படிவக் கட்டைப் புரட்டினாள். பெயர் எழுதாத, எடை எழுதாத படிவங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அழகான டிக்.

"பிரதர், என்னை என்ன வேணா சொல்லிக்கோங்க. இதுல பொய் எழுதாதீங்க."

"என்ன பொய்யி? பால் பல்லு சிஸ்டர். தானா விழப்போற பல்லு. அதுக்கு வைத்தியம் பாக்குறது, காலி பண்ணப்போற வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை."

"காலி பண்ற வரைக்கும் அந்த வீட்டுல ஒரு ஆள் குடியிருக்கு பிரதர்."

மருந்தகத்துக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இரைச்சல் எங்கே என்றாலும் அவர் தலை அங்கே இருக்கும்.

"முதல்ல ஈறோரமா வெள்ளையா ஒரு கோடு வரும்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. ஒரு படிவத்தை உருவிக் கையில் பிடித்திருந்தாள். "சுண்ணாம்பு இழுத்த மாதிரி. அப்பவே பாத்துட்டா, இனிப்பை நிறுத்தி, இந்த மருந்தைப் பூசி, அதோட தடுத்திடலாம். பழுப்பாச்சுன்னா குழி. அதையும் விட்டா சீழ். அந்தக் கோடு உதட்டுக்குள்ள இருக்கு. தூக்கினாத்தான் தெரியும். தூக்க அரை நிமிஷம் ஆகும்."

"நாலு நிமிஷத்துல அரை நிமிஷம்னா எட்டுல ஒரு பங்கு. கணக்குப் பாடமெல்லாம் நடத்தினாங்களா உங்க காலேஜ்ல?"

வரிசை மறுபடியும் சிரித்தது. அவள் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் ஸ்டூலுக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவர்கள் இருவரும் பஞ்சும் ஸ்பிரிட்டும் கேட்பதற்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

தெருவில் பாதிப் பிள்ளைகள் தரகரின் மடியில் மல்லாந்து எழுந்தார்கள். பிரதரின் அக்கா மகள் ஒருநாளும் போனதில்லை. அவளுக்கு ஏன் அந்தத் தலையெழுத்து? தாய்மாமன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பதாவது? அக்கா வந்தால் மருந்தகத்தை ஒட்டிய சந்து வழியாகப் பின்வாசலுக்கு வருவாள். கதவை இரண்டு தட்டு. பிரதர் தானே போய்த் திறந்து, மருமகளைத் தூக்கி வந்து, எடை பார்த்து, சொட்டு மருந்து ஊற்றி, சூப்பானை டம்ளரில் ஒரு முக்கு முக்கி வாயில் வைத்து, மூன்றரை நிமிடத்தில் அனுப்பிவிடுவார். சொந்தம் என்பதால் அரை நிமிடம் தள்ளுபடி.

அவளைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். மூன்றரை வயது. பொரிந்துகொண்டே இருப்பாள்.

"படுக்கவே மாட்டேங்குறாடா. ராத்திரியானா ஒரே ஆட்டம்" என்று அக்கா ஒருமுறை குறைப்பட்டபோது, பிரதர் டம்ளரைக் காட்டினார்.

"இதையே வீட்லயும் பண்ணு. ஒரு முக்கு முக்கி வாயில வை. ரெண்டே நிமிஷத்துல சாமி மலையேறிடும்."

ஏறியது. இரண்டு வருடமாக ஒவ்வோர் இரவும் ஏறியது. தூங்கத் தொடங்கும்போது ஒரு முக்கு, நடுவில் சிணுங்கினால் இன்னொரு முக்கு. அக்கா எதிர் வீட்டுக்காரியிடம், "என் தம்பி சொன்ன வைத்தியம்" என்று சொல்லிக்கொண்டாள்.

கடுகுக்கு நாகரிகம் அதிகம் என்றும் வீட்டில் ஒரு பெருமை இருந்தது. சோற்றைக் கடிக்க மாட்டாள், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். பிசைந்து ஊட்டினால்தான் இறங்கும். செல்லம் என்றார்கள். சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு, மேலே கையையும் வைத்துக்கொள்வாள். "பெரிய மனுஷி சிரிப்பு" என்று பிரதர் அதைப் படம் பிடித்துத் தன் போனின் முகப்பில் வைத்திருந்தார். ஒன்றரை வருடமாக அந்தப் பிள்ளையின் முன்பல்லை அவர் பார்த்ததில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. பல் என்று ஒன்று படத்தில் இல்லை என்பதே தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு அல்ல. தட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தையும், தோளில் கடுகுமாக நின்றாள். கடுகின் முகம் ஒரு பக்கம் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. கன்னம் பளபளவென்று வீங்கி, கண்ணின் கீழிமையைத் தூக்கிவிட்டிருந்தது. அந்தக் கண் பாதிதான் திறந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பொரிகிற பிள்ளை ஒரு சத்தமும் போடவில்லை.

"ராத்திரி லேசா இருந்துச்சுடா. காலைல இப்படி."

"பொன்னுக்கு வீங்கியா இருக்கும்" என்றார் பிரதர். நான்கு நிமிடத்தில் வேலை செய்பவர்களுக்கு நோயும் சீக்கிரம் தெரிந்துவிடும். "ஒண்ணுமில்ல. ஒரு வாரத்துல அமுங்கிடும்."

ஊசி மருந்துப் பெட்டிக்கு ஐஸ் எடுக்க அந்தப் பக்கம் வந்த புது சிஸ்டர் நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. கால் நீட்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. சின்னவனை அவர்கிட்ட குடுங்க."

பிரதர் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு நின்றார். முழங்காலோடு முழங்கால் முட்டியது. கடுகு மல்லாந்தாள். ஒற்றை விரல் உதட்டைத் தூக்கியது.

மேல் வரிசையில் முன்பல் நான்கும் பல்லாக இல்லை. ஈறோடு ஈறாகப் பழுப்பு நிறத்தில் நான்கு முளைக்குச்சிகள். இரு பக்கத்துக் கூர்பற்களும் பாதி கறுத்து, வீங்கிய பக்கத்தில் பல்லுக்கு மேலே ஈறில் சோளமணி அளவுக்கு ஒரு கொப்புளம். அக்கா குனிந்து பார்த்தாள்.

"எத்தனை நாளா கடிச்சுச் சாப்பிடலக்கா?"

"அவ செல்லம்மா. ஊட்டினாத்தான்..." அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"செல்லமில்லக்கா. வலி."

அவள் எழுந்து போய்ப் பிள்ளையின் கோப்பை எடுத்து வந்து, நின்றபடி திறந்தாள். ஒன்றரை வருடத்தில் நான்கு வருகை. நான்கு படிவம். நான்கு முறை பற்கள் நலம். கடைசி நலத்துக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் கோப்பைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உங்க சொந்தப் பிள்ளை" என்றாள். "ஊரான் பிள்ளைக்குத்தான் நேரமில்ல. உங்க மடியில வளர்ந்த பிள்ளை பிரதர் இது. ரெண்டு வயசுல அந்த வெள்ளைக் கோடு இருந்திருக்கும். நான் இங்கதான் இருந்தேன். எட்டடி தூரத்துல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முன்வாசல் வழியா வந்திருந்தா என் கையில கிடைச்சிருக்கும்."

பிரதர் வாயைத் திறந்தார். இடுப்பில் இருந்த சின்னவன் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான்.

"வீக்கம் கண்ணுக்கு ஏறுது. பெரிய ஆஸ்பத்திரி. இப்பவே" என்றுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கடுகுக்கு மூன்று நாள் ஊசிமருந்து ஏறியது. கையில் குழாய் இருந்ததால் வாயை மூடிச் சிரிக்க இன்னொரு கையைத்தான் பயன்படுத்த முடிந்தது. சிரிக்கவும் இல்லை. வீக்கம் வடிந்தபின் மயக்க மருந்து கொடுத்து ஆறு பல்லைப் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னார். கையெழுத்து வாங்க ஒரு தாளோடு வந்து, எதிரே உட்கார்ந்து, கேள்வி கேட்டார்.

"சூப்பான்ல இனிப்பு தொட்டு வைக்கிற பழக்கம் உண்டா?"

"உண்டு" என்றாள் அக்கா.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. தினமும்."

"யாராவது சொன்னாங்களா, நீங்களா வச்சீங்களா?"

அக்கா பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்க்கவில்லை. "எங்க நர்சு சொன்னார்" என்றாள்.

பிறந்ததிலிருந்து டா போட்ட வாய். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கடுகை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவின் வட்டக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச தூரம் அவள் கால்கள் தெரிந்தன. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். பிரதர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கோபப்பட ஓர் ஆளைத் தேடினார். முதலில் அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் மேல் கோபம் வந்தது. பல்லை ஏன் கடைசி வரியில் வைத்தான்? முதல் வரியில் வைத்திருந்தால் பார்த்திருக்க மாட்டாரா? பிறகு பாராட்டுத் தாள் கொடுத்த மேலதிகாரி மேல். பிறகு அத்தான் மேல். பெற்ற அப்பன் ஒருநாள் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டிருந்தால்? புது சிஸ்டர் மேல்கூட. எட்டடி தூரம் நடந்து வந்து பார்த்திருக்கக் கூடாதா? எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. வரிசை ஓடித் தீர்ந்ததும் மேசையில் அவர் மட்டும் இருந்தார்.

"அந்த சிஸ்டர் நினைச்சிருந்தா..." என்று அக்காவிடம் ஆரம்பித்தார்.

"பேசாதீங்க."

சின்னவன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் மெல்லப் பேசினாள். அதுதான் கொடுமையாக இருந்தது.

"நான் வரிசையில நின்னிருப்பேன். எனக்குக் கால் இல்லயா? டோக்கன் வாங்கி, ரெண்டையும் தூக்கிட்டு, வெயில்ல நின்னிருப்பேன். எதிர் வீட்டுக்காரி நின்னா. அவ பிள்ளை உதட்டைத் தூக்கிப் பாத்து, என்னத்தையோ தடவி அனுப்பிச்சா அந்தப் பொண்ணு. எதிர் வீட்டுக்காரி வந்து என்கிட்ட சொன்னா, ஒரு தடவை காட்டுங்கக்கான்னு. நான் சிரிச்சேன். எனக்கென்னடி, எனக்கு உள்ளயே ஆள் இருக்குன்னேன்." அவள் சின்னவனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் பல்லு இருக்கு. உள்ள ஆள் இருந்த பிள்ளைக்குத்தான் இல்ல."

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கடுகு உதட்டோரம் ரத்தக்கறையோடு தூங்கிக்கொண்டே வந்தாள். ஆறு பல்லும் ஒரு சின்ன டப்பாவில் தனியாக வந்தது. முன்பல் மறுபடி முளைக்க மூன்று, நான்கு வருடம் ஆகும் என்றார் டாக்டர். கூர்பல் வர அதைவிட நாளாகும். மயக்கம் தெளிந்ததும் பிள்ளை நாக்கால் துழாவிப் பார்த்து, "எங்க போச்சு?" என்றது. பிரதரைப் பார்த்துக் கேட்டது. ஆஸ்பத்திரி விஷயம் எல்லாம் மாமாவுக்குத்தானே தெரியும்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று மாலை பிரதர் பழம் வாங்கிக்கொண்டு போனார். அக்கா கதவைத் திறந்து, பழத்தை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை தடுப்பூசி அறையில் டீ வந்தது. படிவக் கட்டும் வந்தது. பிரதர் பேனாவை எடுத்தார், மூடினார், சட்டையில் சொருகினார். குளுக்கோஸ் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். டீ ஆறிப்போனது. புது சிஸ்டர் உள்ளே வந்து, கட்டைப் பார்த்து, டம்ளரைப் பார்த்து, தன் இடத்துக்குப் போனாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. எதற்குக் குறைய வேண்டும்?

மூன்று வாரம் போயிருக்கும். பிரதரின் மேசைக்கு முன்னால் வரிசை வாசல்படி தாண்டி, சைக்கிள் நிறுத்தும் இடம் வரை நின்றது.

"என்னப்பா இது, நாலு நிமிஷம் நாப்பதாயிடுச்சு?" என்றார் முன்னால் நின்ற ஒருவர்.

"அங்கயும் சந்தை கூடிருச்சுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இனிமே ரெண்டு தரகர்."

வரிசை சிரித்தது. அவரே அச்சடித்துக் கொடுத்த சிரிப்பு. அவர் நிமிரவில்லை. குட்டை ஸ்டூல் அவர் உயரத்துக்குப் பொருந்தவே இல்லை. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு ஏறி, மடியில் சாய்ந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளத்தில் விழுந்ததுபோலக் கிடந்தன. முதல் வாரத்தில் இரண்டு பிள்ளைகள் விரலைக் கடித்தன. கட்டுப் போட்ட விரலோடு அடுத்த விரலைப் பயன்படுத்தினார்.

"இருபத்தேழு" என்றார்.

முன்வாசல் வழியாக, கையில் இருபத்தேழாம் எண் டோக்கனோடு, அக்கா வந்து நின்றாள். இடுப்பில் சின்னவன், ஒன்பது மாத ஊசிக்கு. வாசலில் டோக்கன் வாங்கும்போது அது எந்த மேசைக்கு விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்தாள். அங்கே ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. இங்கே ஸ்டூல் காலியாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ, பாதத்தில் வாசல் மண் அப்பியிருந்தது.

உட்கார்ந்தாள். முழங்காலோடு முழங்கால் முட்டியது. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவி வந்தார். சின்னவனைச் சாய்த்து மடியில் வாங்கி, மேலுதட்டைத் தூக்கி, டார்ச் அடித்தார். மேலே அப்போதுதான் கிழித்துக்கொண்டு வந்த இரண்டு பொடிப் பற்கள். ஈறோரம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கீழுதட்டை இறக்கிக் கீழேயும் பார்த்தார். அங்கேயும் இரண்டு.

"மேல பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"கோடு?"

"இல்ல."

அவள் தன் போனை எடுத்து, அதன் விளக்கைப் போட்டு, டார்ச்சுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பின்னால் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"இன்னொரு தடவை பாரு" என்றாள்.

பிரதர் இன்னொரு தடவை பார்த்தார்.